ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு

மனித குலத்தின் தகவல் தொடர்பு வரலாற்றில் முக்கியமான நாட்கள் மூன்றே மூன்றுதான். முதலாவது, மனிதன் பேச ஆரம்பித்த நாள். தேதி சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது, கம்பியில்லாமல் பேச ஆரம்பித்த நாள். அதற்குப் பல நாடுகள் உரிமை கோருகின்றன. மூன்றாவது, 2008ஆம் ஆண்டு செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கி, பத்தரை மணி ராகுகாலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இடம் ஓசூர் சிப்காட் இரண்டாம் கட்டம், சௌபர்ணிகா பிரஸ் பார்ட்ஸ் நிறுவனத்தின் மாநாட்டு அறை. இந்த நாளுக்கு இதுவரை யாரும் உரிமை கோரவில்லை.

அன்றுதான் அங்கே 'பகிர்வு ஆன்டெனா அமைப்பு' தொடங்கி வைக்கப்பட்டது. விஷயம் எளிதானது. செல்போன் கோபுரம் எங்கோ வெளியே நின்று கத்துகிறது. தொழிற்சாலையின் இரும்புக் கூரையும் கான்கிரீட்டும் அந்தக் கத்தலை உள்ளே விடுவதில்லை. ஆகவே கூரைமேல் ஒரு பெரிய ஆன்டெனா வைத்து அதைப் பிடித்து, கேபிள் வழியாக உள்ளே இறக்கி, அங்கங்கே மாட்டிய சின்ன ஆன்டெனாக்கள் மூலம் மெதுவாகப் பேச வைக்கிறார்கள். ஒருவர் தூரத்தில் நின்று கத்துவதற்குப் பதில் பதினான்கு பேர் காதருகே பேசுவது போல.

இப்படி ஒன்று தேவைப்பட்டது என்பதை அந்த அலுவலகத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். பொது மேலாளர் நாராயணப்பனின் அறையில் டவர் பிரச்சினை இரு மாநிலங்களுக்கு இடைப்பட்டது. சுழல் நாற்காலியைத் தெற்கே திருப்பினால் அவர் தமிழ்நாட்டில் இருப்பார். வடக்கே திருப்பினால் 'கர்நாடகம் தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று போனில் செய்தி வரும். ஒரு கோப்பை முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் நான்கு முறை எல்லை கடந்திருக்கிறார். அத்தனை பயணக் களைப்பிலும் அவர் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை.

ஆனால் திட்டம் அவருக்காக வந்ததென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது ஒரு தொழிலாளியின் பாதுகாப்புக்காக வந்தது. கோப்பின் முதல் பக்கத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. இரண்டாம் பக்கத்திலிருந்துதான் வேறு விஷயங்கள்.

அந்தத் தொழிலாளியின் பெயர் கரியப்பன். ஊர் நாட்றாம்பாளையம். ஒப்பந்த ஆள். அவர் வேலை செய்யும் இடம் பிரஸ் ஷாப்புக்குக் கீழே இருக்கும் சுரங்கம். மேலே ஆறு பெரிய பிரஸ்கள் கார் கதவுக்குத் தகடு அடிக்கும். வெட்டுப்பட்ட துண்டுகள் தரையிலுள்ள ஓட்டைகள் வழியாகச் சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டில் விழும். பெல்ட் அவற்றை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். துண்டுகள் சிக்கிக்கொண்டால் கொக்கி போட்டு இழுத்துவிடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கீழே கிடையாது. மேலே, பிரஸ்களோடு இருக்கிறது. கீழே இருப்பவர் உயிருக்குப் பயந்து நினைத்த நேரத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் உற்பத்தி என்ன ஆவது?

அந்த மார்ச் மாதம், கரியப்பனுக்கு முன் அங்கே இருந்தவரின் கால் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பிரஸ் சத்தத்தில் அவர் கூப்பிட்டது இருபது நிமிடம் யாருக்கும் கேட்கவில்லை. கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அடுத்த ஆடிட்டுக்குள் சுரங்கத்துக்கும் மேலுக்கும் தகவல் தொடர்பு இருக்க வேண்டும், கட்டடம் முழுவதும் டவர் குறைந்தது தொண்ணூற்றைந்து சதவீதம் கிடைக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. மனிதவள மேலாளர் மாதவன் ஒருங்கிணைப்பாளர். குறிப்பெடுக்க ஜோதிமணி. பராமரிப்புத் துறையில் பதினெட்டு மாதப் பயிற்சியின் கடைசி மாதங்களில் இருந்த பெண். ராசிபுரத்தில் டிப்ளமோ படித்தவள், மத்திகிரியில் மூன்று பேரோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். ஆன்டெனாவுக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்கும் வித்தியாசம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் இந்தப் பொறுப்பு கிடைத்தது. செப்டம்பர் பதினைந்தோடு அவள் பயிற்சி முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தரப் பணி ஆணை வரலாம். வராமலும் போகலாம். அவள் வீட்டில் அது வந்துவிட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் கூட்டத்தில், கருவி விற்கும் கம்பெனியின் பெங்களூர் எஞ்சினியர் நவீன்குமார் வரைபடத்தை விரித்தார்.

"மொத்தம் பதினாலு ஆன்டெனா சார். பிரஸ் ஷாப்ல ஆறு, சுரங்கத்துல மூணு, ஆபீஸ்ல அஞ்சு. எங்கே டவர் வீக்கோ அங்கே ஜாஸ்தி போட்டிருக்கேன்."

"ஜி.எம். ரூமுக்கு எத்தனை?" என்றார் மாதவன்.

"தனியா வேண்டாம் சார். காரிடார்ல ஒண்ணு போட்டா நாலு ரூமுக்கும் வரும்."

மாதவன் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏன் தம்பி, ஜி.எம். காரிடார்லயா உக்காந்திருக்காரு?"

"இல்ல சார், சிக்னல் செவுத்தைத் தாண்டி உள்ளே போகும்."

"போகும். போனது யாருக்குத் தெரியும்?"

நவீன்குமார் படித்த பொறியியலில் சிக்னல் தெரிய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த நிறுவனத்தில் நாற்காலிக்குக் கை வேண்டுமானால் துணை மேலாளர் ஆக வேண்டும். மேசைக்குக் கண்ணாடி வேண்டுமானால் மேலாளர் ஆக வேண்டும். இவ்வளவு நுட்பமான ஒழுங்கு உள்ள இடத்தில் ஆன்டெனாவை மட்டும் டவர் இல்லாத இடமாகப் பார்த்து மாட்டுவது ஒழுங்கீனம். குழு மூன்று கூட்டங்களில் அதைச் சரிசெய்தது. பொது மேலாளருக்கு இரண்டு, மாநிலத்துக்கு ஒன்று வீதம். மேலாளர்கள் நால்வருக்கும் தலைக்கு ஒன்று. மாநாட்டு அறைக்கு இரண்டு. வரவேற்பறைக்கு ஒன்று. அதிகாரிகள் சாப்பிடும் அறைக்கு ஒன்று. துணை மேலாளர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. அது தடுப்புப் பலகைக்கு நேர் மேலே, யார் பக்கமும் சாயாமல் மாட்டப்பட வேண்டும் என்று தீர்மானத்தில் சென்டிமீட்டர் குறிப்பிடப்பட்டது. அதிகாரிகள் கழிவறைக்கு ஒன்று. பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்கு ஒன்று. மீதி ஒன்று சுரங்கத்துக்கு.

"பிரஸ் ஷாப் ஆளுங்களுக்கு?" என்று நவீன்குமார் கேட்டார்.

"அவங்க போனை கேட்லயே வாங்கிட்டு டோக்கன் குடுத்துடறோமே. போன் இல்லாதவனுக்கு எதுக்கு டவர்?"

ஜோதிமணி பேனாவை மூடித் திறந்தாள். குறிப்பெடுப்பவர் பேசலாமா கூடாதா என்று அவளுக்குச் சந்தேகம். இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"சார், சுரங்கத்துக்கு ஒண்ணு பத்துங்களா? அறுபது மீட்டர் நீளம். நடுவுல ஒரு வளைவு வேற இருக்குது."

"ஒண்ணுன்னா உனக்கு இளப்பமா இருக்கா?" என்றார் மாதவன். "எனக்கே ஒண்ணுதாம்மா."

இதற்குமேல் சமத்துவம் என்ன வேண்டும்? குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

சுரங்கத்துக்குரிய அந்த ஒன்றை எங்கே மாட்டுவது என்று பார்க்க அவளும் நவீன்குமாரும் ஒரு நாள் கீழே போனார்கள். இருபத்தெட்டுப் படிகள். அவள் எண்ணினாள். கடைசிப் படியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. எண்ணெய்ப் புகையும் சூடும். வளைவுக்கு அந்தப் பக்கம் கரியப்பன் தலையில் ஈரத் துண்டோடு, கையில் நீளக் கொக்கியோடு நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நவீன்குமார் கையிலிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, தயிர்க் கிண்ணமா?"

"ஆன்டெனாங்க. இதை மாட்டினா இங்கேயும் டவர் கிடைக்கும்."

"கெடைக்கட்டும். போனு எங்க? அது கேட்டுல டோக்கன் மாட்டிக்கினு நிம்மதியா தூங்குது."

அவள் அதையும் குறித்துக்கொண்டாள். கரியப்பன் இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவி, சுவரோரம் மேலே ஏறிப்போன ஒரு பழைய இரும்புப் பைப்பில் ஒரு தட்டுத் தட்டினார். சற்று நேரத்தில் மேலேயிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது.

"அது யாருங்க?"

"வெள்ளச்சாமி. மேல பிரஸ் ஓட்டறவரு. கால் மணிக்கு ஒருக்கா நான் ஒண்ணு தட்டுவேன். இருக்கேன்னு அர்த்தம். அவுரு ஒண்ணு தட்டுவாரு. சரி, இருன்னு அர்த்தம். மூணு தட்டுனா நிறுத்து, ரெண்டு தட்டுனா ஓட்டு."

"ஒண்ணுமே தட்டலைன்னா?"

"அவுரே எறங்கி வருவாரு. ஒருநா அப்பிடித்தான் அசந்துட்டேன். வந்து வுட்டாரு பாரு ஒரு ஒத. இன்னைக்கும் மழை வந்தா இடுப்புல தெரியுது."

"இந்த ஏற்பாட்டை யாருங்க பண்ணினது?"

"நாங்க ரெண்டு பேருந்தான். டீ குடிக்கறப்ப பேசிக்கினோம். கமிட்டி கிமிட்டி ஒண்ணும் போடல."

இதற்குள் நவீன்குமார் வெப்பமானியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாப்பத்தேழு டிகிரி காட்டுது மேடம். நம்ம பீஸ் நாப்பத்தஞ்சுக்கு மேல தாங்காது. இங்கே மாட்டினா வாரன்டி போயிடும்."

ஆகவே சுரங்கத்தின் ஆன்டெனா சுரங்கத்துக்கு வெளியே, படிகளின் உச்சியில், மின்விசிறிக்கு அடியில் மாட்டப்பட்டது. நாற்பத்தேழு டிகிரியில் எட்டு மணி நேரம் நில் என்று ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்திடம் சொல்ல முடியாது. அதற்கு வாரன்டி இருக்கிறது. கரியப்பன் நிற்பார். அவருக்கு இல்லை.

அடுத்த வாரம் கேபிள் வேலை நடந்தது. மின்சார அறையிலிருந்து முதல் மாடிக்குக் கேபிள் ஏற வேண்டும். சுவரை உடைத்தால் புது கிரானைட் போய்விடும். சுற்றிப் பார்த்தபோது, சுரங்கத்திலிருந்து தூணோரமாக மாடிவரை போகும் ஒரு பழைய பைப் கண்ணில் பட்டது. எதற்கும் பயன்படாத பைப் என்று பதிவேடும் சொன்னது. பிரஸ் ஷாப் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் அறுத்து, கேபிளை உள்ளே விட்டார்கள். கீழ்த்துண்டு அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்ததால் பிடுங்கி எடுத்து, தரை ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்து, பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது.

ஜோதிமணி மாதவனிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பைப்புலதான் கரியப்பன் தட்டுவாரு."

"என்னத்தைத் தட்டுவாரு?"

"உயிரோட இருக்கேன்னு சார்."

மாதவன் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. எதையும் எழுத்தில் பார்த்தால் நம்புவார். "இது எந்த விதிமுறைப் புத்தகத்துல இருக்கு?"

"எதுலயும் இல்லைங்க சார்."

"அப்ப இல்லாததைத்தானம்மா எடுத்திருக்கோம்."

இருந்தாலும் அவர் அவள் சொன்னதை அலட்சியம் செய்யவில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை வெளிவந்தது. 'பழைய முறைகள் அனைத்தும் கைவிடப்படுகின்றன. அவசர காலத்தில் சுரங்கப் பணியாளர் கைபேசி மூலம் கட்டுப்பாட்டு அறையை அழைக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறை பதிலளிக்காவிட்டால் துறை மேலாளர்களைப் பதவி வரிசைப்படி அழைக்க வேண்டும். குறிப்பு: சுரங்கத்தினுள் கைபேசி கொண்டுசெல்லத் தடை தொடர்கிறது.'

அறிவிப்புப் பலகை முன்னால் நின்று வெள்ளைச்சாமி இதைப் படித்துக்காட்டினார். அவர் அருப்புக்கோட்டைக்காரர். படித்து முடித்ததும் கரியப்பனைப் பார்த்து, "வெளங்குச்சாப்பா?" என்றார்.

"நல்லா வெளங்குது. மேல வந்து போன் பண்ணிட்டு, திரும்பி எறங்கிப் போயி மாட்டிக்கணும்."

"நான் மணிக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாக்குறேன். தூங்கிறாத."

சோதனை நாள் வந்தது. ஜோதிமணி ஒரு கைபேசியும் அட்டையும் எடுத்துக்கொண்டு கட்டடத்தில் குறித்த அறுபத்து நான்கு இடங்களிலும் நின்றாள். இரண்டு கோடாவது டவர் காட்டினால் தேர்ச்சி. எதிலும் ஒரு தரம் பார்த்தால் அவளுக்கு நம்பிக்கை வராது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை பார்த்தாள். ஐம்பத்தெட்டு இடங்கள் தேறின. அதிகாரிகள் கழிவறையில் ஐந்து கோடும் நிறைந்து வழிந்தது. தேறாத ஆறு இடங்களும் சுரங்கத்தில் இருந்தன. தொண்ணூறு புள்ளி ஆறு சதவீதம்.

"தொண்ணூத்தஞ்சு வேணுமே," என்றார் மாதவன்.

"சுரங்கத்துக்குள்ள ஒரு ஆன்டெனா மாத்தி மாட்டினா வந்துடும் சார். சூடு தாங்கறது வேற மாடல் இருக்குதாம். ஒரு மாசம் ஆகுமாம்."

"ஆடிட்டு வெள்ளிக்கிழமை. சுரங்கத்தை எடுத்துடு."

"எங்கே சார் எடுக்கறது?"

"வரைபடத்துல இருந்தும்மா. அது கட்டடமா? தரைக்குக் கீழே இருக்கறது அஸ்திவாரம். அஸ்திவாரத்துக்கு யாராவது டவர் பாப்பாங்களா?"

இதைச் சொல்லிக்கொண்டே மாதவன் மேசைத் தட்டிலிருந்த தாள்களை அடுக்கினார். அவற்றுள் ஒன்றில் அவள் பெயர் தட்டச்சாகியிருந்தது. அவர் அதைக் காட்டவில்லை. மறைக்கவும் இல்லை.

மாலை நாலரை மணிக்கு, மத்திகிரி டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, அவள் கால்குலேட்டரை எடுத்தாள். ஐம்பத்தெட்டை ஐம்பத்தெட்டால் வகுத்தாள். ஒன்று. இன்னொரு முறை வகுத்தாள். மூன்றாம் முறையும் ஒன்றுதான் வந்தது. கணக்கில் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை விழா. எட்டக்கூடிய ஆன்டெனாக்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. வாசலில் பூசணிக்காய் உடைந்தது. மாநாட்டு அறையின் முன்வரிசையில் ஆடிட் குழுவினர் உட்கார்ந்தார்கள். தொழிலாளர்கள் சார்பில் கைதட்ட வெள்ளைச்சாமி வெளுத்த சீருடையில் அழைத்து வரப்பட்டிருந்தார். அவர் பிரஸ்ஸை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்த பெண் ரிப்பன் தட்டு ஏந்த வந்திருந்தார். 'விழா முடியும் வரை கைபேசிகளை அமைதி நிலையில் வைக்கவும்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. கைபேசி விழாவில் அதுவே மரியாதை.

பயிற்சியாளர்களுக்கு நாற்காலி இல்லை. கதவோரம் நின்ற ஜோதிமணி, ஆடிட் குழுவுக்குப் பின்னால் வெள்ளைச்சாமியின் தலையைப் பார்த்தாள். அவர் இங்கே இருக்கிறார். அப்படியானால் அங்கே எட்டிப் பார்ப்பது யார்? சோதனைக் கைபேசி பையில்தான் இருந்தது. அவள் சத்தமில்லாமல் வெளியே வந்தாள்.

வளைவைத் தாண்டியதும் கரியப்பன் தெரிந்தார். வலது கைச் சட்டையைப் பெல்ட்டின் உருளை பிடித்திருந்தது. சட்டையோடு கையும் மணிக்கட்டு வரை போயிருந்தது. ஒரு காலைச் சட்டகத்தில் உதைத்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து, அதற்குமேல் போகாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து தகடுகள் விழுந்துகொண்டே இருந்தன.

"எவ்வளவு நேரமாங்க?"

"போனு இல்லையே பாப்பா, மணி தெரியல." குரல் தணிவாக வந்தது. "சட்டைய இஸ்துக்கிச்சு. மேல போயி நிறுத்தச் சொல்லு."

அவள் கைபேசியைப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. நான்காம் முறையாக உறுதியாயிற்று. இருபத்தெட்டுப் படிகளையும் ஓடினாள். உச்சியில், மின்விசிறிக்கு அடியில், ஐந்து கோடுகள் பளிச்சென்று வந்தன. எதையும் வரிசைப்படி செய்து பழகியவள். சுற்றறிக்கையில் சொன்னபடி கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு பதவி வரிசை. பொது மேலாளர். நான்கு மேலாளர்கள். துணை மேலாளர் ஒருவர்.

மாநாட்டு அறையில் அப்போது நாராயணப்பன் பேசிக்கொண்டிருந்தார். "இனிமே நம்ம ஃபேக்டரியில கேக்காத குரலுன்னு ஒண்ணு இருக்காது." அந்தக் கணத்தில் அவர் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஆடிட்டர்களுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "பாருங்க, நான் பேசிட்டிருக்கும்போதே வருது. நாலு செவுத்துக்கு நடுவுல, ஃபுல் டவர்." பிறகு சபை நாகரிகம் கருதி அதை வெட்டினார். கைதட்டல் எழுந்தது. வெள்ளைச்சாமியும் தட்டினார். அதற்குத்தானே வந்திருந்தார். அடுத்தடுத்து மேலாளர்களின் பைகளும் அதிர்ந்தன. ஒவ்வொருவரும் தம் ஆன்டெனா வேலை செய்வதை உணர்ந்து, தலையை மெல்ல அசைத்து, விசையை அழுத்தி அடக்கினார்கள்.

ஏழாவது அழைப்பும் அடங்கிய பிறகுதான் ஜோதிமணி சுற்றறிக்கையை மறந்தாள். பிரஸ் ஷாப்புக்கு ஓடினாள். நாற்பது அடிதான் இருக்கும். சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். பெல்ட்டும் ஆறு பிரஸ்களும் நின்றன.

கரியப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. முதல் அழைப்புக்கு முன்பே பொத்தானுக்கு ஓடியிருந்தால் எத்தனை போயிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கணக்கு மட்டும் மூன்று முறையும் மூன்று விதமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். கரியப்பன் கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மேல யாருக்கெல்லாம் அடிச்ச?"

சொன்னாள்.

"ஜி.எம்.முக்குமா?"

"அடிச்சேங்க. கட் பண்ணிட்டாரு."

கரியப்பன் சற்று யோசித்தார். "கட் பண்ணாருன்னா போனு கையில இருந்துச்சு. அப்ப டவர் மேல கொறை சொல்லாத பாப்பா. பாவம், அது அதோட வேலையைச் செஞ்சிடுச்சு."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. நூறு பர்சென்ட்டுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும். வெள்ளச்சாமி சொன்னாரு." அவர் அவளைப் பார்க்காமல் கட்டைப் பார்த்துக்கொண்டார். "அதுல என்னைய எங்கன்னு போட்டிருந்த?"



திங்கட்கிழமை விசாரணை. நிர்வாகம் ஒளிவுமறைவில்லாமல் நடந்துகொண்டது. அழைப்புகளின் பட்டியல் கணினியிலிருந்து எடுக்கப்பட்டது. ஏழு அழைப்புகள். ஏழும் நான்கு நொடிக்குள் இணைந்தன. ஒன்றுகூட இடையில் அறுபடவில்லை. அமைப்பு முழு வெற்றி என்று அறிக்கை சொன்னது. கரியப்பனுக்கு ஒரு விளக்கக் கடிதம் தயாரானது. வரைபடத்தில் இல்லாத ஓர் இடத்தில் பணி நேரத்தில் அவர் எப்படி இருந்தார்?

மாதவன் ஜோதிமணியைக் கூப்பிட்டார். இந்த முறை பணி ஆணை மேசைமேல் வெளிப்படையாக இருந்தது.

"சோதனை அறிக்கையை இன்னொரு தரம் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. விசாரணைக்கு ஒரு பிரதி வேணும். அதே ஐம்பத்தெட்டு."

அவள் ஒரு தாளை நீட்டினாள். அறுபத்து நான்கு புள்ளிகளும் இருந்தன. சுரங்கத்தின் ஆறு புள்ளிகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'இங்கே ஆள் வேலை செய்கிறார்.'

மாதவன் வெகுநேரம் படித்தார். ஒரு வரிதான். "இதை அழிச்சுட்டா அது உன்னோடது," என்று ஆணையைக் காட்டினார். "உங்க அப்பா அம்மாவை நினைச்சுப் பாரும்மா."

"நினைச்சுட்டுத்தாங்க எழுதினேன்."

அவர் பெருமூச்சு விட்டார். பொது மேலாளர் அன்று பெங்களூரில் இருந்தார். மாதவன் அவருக்குக் கரியப்பன், ஜோதிமணி இருவர் விஷயத்தையும் குறுஞ்செய்தியாக அனுப்பினார். தொழில்நுட்பத்தின் அருமை அப்போதுதான் புரிந்தது. தாளைக் கோப்பில் வைத்து, கோப்பைக் காரில் ஏற்றி, எல்லை தாண்டி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. மாதவனின் தலைக்கு மேலிருந்த, அவருக்கே அவருக்கான அந்த ஒரு ஆன்டெனா வழியாகப் பதில் உடனே வந்து இறங்கியது. அவர் அதை வாசித்துக் காட்டினார்.

"'ரெண்டு பேரையும் நீக்கிட்டு, பர்சென்டேஜைச் சரி பண்ணுங்க.'"

பணியிலிருந்து விலகுபவர் தாம் கையாண்ட கருவியைப் பற்றி ஓர் ஒப்படைப்புக் குறிப்பு எழுதித்தர வேண்டும் என்பது அங்கே விதி. ஜோதிமணி மேசையோரத்தில் நின்றபடியே அதை எழுதினாள். எழுதியதை இன்னொரு தரம் படித்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனாள். நிறுவனம் இன்றும் அதைத் தன் மாநாட்டு அறையில், ஆடிட்டுக்கு வருபவர்கள் கண்ணில் படும்படி, நற்சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறது:

'அமைப்பில் குறை எதுவும் இல்லை. கேட்க வேண்டிய எல்லோருக்கும் கேட்டது.'